வாரேன் சொல்லக்கூடாத வீடு

அக்காவுக்குப் பிடிக்காத வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அதை நான் முதல் நாளே சொல்லித் தொலைத்தேன்.

சிலிம் ரிவரிலிருந்து விடியற்காலையில் கிளம்பி, என் மனைவி அம்பிகாவை ஈப்போவில் சீக்காளிகள் தங்கும் அந்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்திருந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அக்கா துணிப்பையை வாங்கி உள்ளே வைத்தார், கட்டிலைக் காட்டினார், இரண்டு பேருக்கும் கோப்பி கலந்து கொடுத்தார். எனக்குப் பத்து மணிக்குத் தாப்பாவில் ஒரு ஏர்கோன் ரிப்பேர் வேலை இருந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "சரிக்கா, வாரேன்" என்றேன்.

அவர் என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார்.

"நீங்க வரலாம் தம்பி. வெள்ளிக்கெழம இவங்கள கூட்டிட்டுப் போவ வந்துதானே ஆவணும். ஆனா வைத்தியம் எல்லாம் முடிஞ்சி கடைசி நாளு கெளம்புறப்ப, இந்த வார்த்தைய நீங்களும் சொல்லக்கூடாது, இவங்களும் சொல்லக்கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

"வேற என்னாக்கா சொல்றது?"

"போறேன்னு சொல்லணும்."

எனக்குச் சுருக்கென்றது. சீக்காளியைக் கொண்டுவந்து விட்ட வாசலில் நின்றுகொண்டு 'போறேன்னு சொல்லு' என்கிறாரே, இந்த அம்மாவுக்கு நாக்கில் சனியா என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் கோபம் முன்னால் வரும், புத்தி பின்னால் வரும். அன்றைக்கு மணியைப் பார்த்துவிட்டு வேனை எடுத்தேன்.

நம் வீடுகளில் யாராவது 'போறேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்புவார்களா? ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டில் இருந்த காலத்தில் ஒரு தடவை அவசரத்தில் 'பள்ளிக்கூடம் போறேம்மா' என்று கத்திவிட்டு ஓடினேன். என் அம்மா பாதி வழி துரத்தி வந்து, முதுகில் ஒன்று வைத்து, 'போயிட்டு வாரேன்' என்று சொல்ல வைத்த பிறகுதான் விட்டார். சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது சாவு வீட்டிலிருந்து மட்டும்தான். அங்கே 'வாரேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். அதனால் அங்கே மட்டும் பேசாமல் திரும்பி நடந்துவிடுவோம். இதையெல்லாம் யாரும் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்வதில்லை.

அம்பிகா இந்த விஷயத்தில் என்னையும் மிஞ்சியவள். பீடோர் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். சிலிம் ரிவரில் ஒரு பாலர் பள்ளியில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை. மத்தியானம் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றும் 'போயிட்டு வாரேன் டீச்சர்' என்று சொன்னால்தான் கதவைத் திறப்பாள். சொல்ல மறந்த பிள்ளை வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். அப்படிப்பட்டவளிடம் போய் இப்படி ஒரு சட்டம்.

அந்த வீட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஒரு தாமான் குடியிருப்பில் இருந்த சாதாரண வரிசை வீடு. யாரோ ஒரு சீன முதலாளி, தவுக்கே, தன் தாயாரின் நினைவாக விட்டுக்கொடுத்தது என்றார்கள். மூன்று அறை, ஏழு கட்டில். புற்றுநோய்க்கு லைட் வைத்துக்கொள்ளத் தூரத்திலிருந்து வருகிறவர்கள் இலவசமாகத் தங்கலாம், சாப்பிடலாம். லைட் என்றால் கதிர்வீச்சு. டாக்டர்கள் அதற்கு நீளமாக ஒரு பேர் சொல்வார்கள், அந்த வீட்டில் அதற்கு லைட் என்றுதான் பேர். மேசினுக்குக் கீழே படுப்பது பத்து நிமிஷம். ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் போக வேண்டும், ஐந்து வாரம். நான் வேன் காடியை ஓட்டிக்கொண்டு தினமும் கூட்டிப் போய் வருகிறேன் என்று வீரம் பேசினேன். மூன்றாம் நாள் வேனுக்குள்ளேயே அம்பிகா வாந்தி எடுத்துக் கண் செருகிப்போனாள். வீரம் அத்தோடு சரி. ஆஸ்பத்திரியில் மிஸி, அதாவது நர்ஸ், ஒருத்தர்தான் அந்த வீட்டு விலாசத்தை எழுதிக் கொடுத்தார்.

அக்காவுக்கு அப்போது அறுபதைத் தாண்டியிருக்கும். பூப்போட்ட பாத்தேக் கைலி, மேலே ஆம்பிளைகள் போடும் டி-சட்டை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னச் சிலுவை. சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவர் என்பது மட்டும் தெரியும். எழுபது வயதுப் பெரியவர்கூட அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவர் பேர் என்ன என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். அந்த வீட்டை எவ்வளவு சீக்கிரம் மறக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதுதான் அவர் கொள்கை.

அந்தக் கொள்கைக்காக அவர் பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. தமிழில் 'வாரேன்' கூடாது என்பதோடு விடவில்லை. பீடோரிலிருந்து வந்திருந்த சீனத்து ஆன்ட்டி ஒருவர் கிளம்பும்போது 'சொய் கீன்' என்றிருக்கிறார். அக்கா அதற்கு அர்த்தம் விசாரித்தார். 'மறுபடி பார்ப்போம்' என்று தெரிந்ததும் அன்றோடு அதற்கும் தடை. மலாய்க்காரர்கள் 'ஜும்பா லாகி' சொல்லக்கூடாது, அதற்கும் அதே அர்த்தம்தான். 'பாய்' என்றால் விட்டுவிடுவார். 'சீ யூ' என்றால் பிடித்துக்கொள்வார். நாலு மொழியிலும் திரும்பி வருகிற வார்த்தை எதுவோ அதைக் கண்டுபிடித்து வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

அவருடைய சர்ச் போதகருக்கு இது சங்கடம். ஒரு நாள் என் முன்னாலேயே, "சிஸ்டர், இதெல்லாம் வேதத்துல எங்க இருக்கு? விசுவாசிங்க இதையெல்லாம் நம்பலாமா?" என்றார்.

"வேதத்துல இல்ல ஐயா. நாக்குல இருக்கு" என்று சொல்லிவிட்டு அக்கா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டார்.

கிளம்புகிறவர்களின் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்ப்பார். மெத்தையைத் தூக்கிப் பார்ப்பார். குளியலறைக் கொக்கியில் துண்டு தொங்குகிறதா, சோப்புப் பெட்டியில் சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு கொண்டை ஊசிகூட அங்கே தங்கக்கூடாது. பொருள் தங்கினால் ஆள் திரும்பி வரும். ஒரு தடவை பாதி தீர்ந்த பற்பசையைத் தூக்கிக்கொண்டு தாமான் முனைவரைக்கும் ஒரு காடியின் பின்னால் ஓடினாராம். எல்லாம் சரியாக இருந்தால் கேட் வரைக்கும் வருவார். 'போறேன்க்கா' என்ற வார்த்தை காதில் விழுந்த நிமிஷமே கேட்டைச் சாத்தி, கொண்டி போட்டு, உள்ளே போய்விடுவார். ஆள் காடியில் ஏறும்வரைகூட நிற்க மாட்டார். வழி பார்த்து நின்றால் அதுவும் கூப்பிடுகிற மாதிரிதானாம்.

தீபாவளி நெருங்கினால் முறுக்கு, அதிரசம் என்று தூக்கிக்கொண்டு குணமான ஆட்கள் நன்றி சொல்ல வருவார்கள். அவர்களை உள்ளே விட மாட்டார். கம்பிக்கு வெளியே நிற்க வைத்தே, "நல்லா இருக்கீங்களா? அப்பறம் என்னா லா, போங்க, போங்க" என்பார். முறுக்கை மட்டும் வாங்கி எங்களுக்குக் கொடுப்பார். தாப்பாவிலிருந்து வந்த ஓர் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுததை நானே பார்த்தேன். அக்கா அசையவில்லை. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

காலையில் ஆறரைக்கெல்லாம் கூடத்தில் நின்று, "பெரட்டுக்கு வாங்க" என்று குரல் கொடுப்பார். பெரட்டு என்பது தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் எண்ணிப் பார்த்து வேலைக்கு அனுப்புவது. இங்கே ஆஸ்பத்திரி வேனுக்கு ஆள் எண்ணுவார். பேர் சொல்லிக் கூப்பிட்டால் 'இருக்கேன்' என்று பதில் சொல்ல வேண்டும். சாகப் பயந்து கிடக்கிறவர்கள் காலையில் எழுந்ததும் ஒரு தடவை 'இருக்கேன்' என்று வாய்விட்டுச் சொல்வது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. அம்பிகாவுக்குத் தெரிந்திருந்தது. அவள் பாலர் பள்ளிப் பிள்ளைகளின் குரலில் ராகம் போட்டு, 'இருக்கேன்க்கா' என்பாள். எல்லாரும் சிரிப்பார்கள்.

லைட் வைப்பதற்கு முன்னால் உடம்பில் ஊதா மையால் கோடு போடுவார்கள். எங்கே வைக்க வேண்டும் என்பதற்கான அடையாளம். வைத்தியம் முடியும்வரை அந்தக் கோடு அழியக்கூடாது. அந்த வருஷம் தீபாவளியன்று எல்லாரும் ஊருக்குப் போய்விட்டோம். கோலா கங்சார் பெரியவர் ஒருவர் மட்டும் வீட்டில் தங்கிவிட்டார். அவர் பிள்ளைகள் சிங்கப்பூரில், ஊரில் யாருமில்லை. தீபாவளியும் அதுவுமாக மனுஷன் எண்ணெய் தேய்க்காமல் இருக்கிறாரே என்று அக்கா நல்லெண்ணெய் காய்ச்சி, வெந்நீரும் போட்டுக் கொடுத்திருக்கிறார், தலைக்கு மட்டும் என்று சொல்லித்தான். பெரியவரோ, எழுபது வருஷப் பழக்கம், உச்சி முதல் உள்ளங்கால் வரை தேய்த்து, சீயக்காய் போட்டுப் பளிச்சென்று குளித்துவிட்டு வந்தார். மறுநாள் லைட் அறையில் சட்டையைக் கழற்றினால் நெஞ்சில் ஒரு கோடுகூட இல்லை.

நான் அன்றைக்கு அம்பிகாவோடு அங்கே இருந்தேன். கோடு போடுகிற மலாய்ப் பெண் கிட்டத்தட்ட அழுதுவிட்டது. எல்லாவற்றையும் முதலிலிருந்து அளந்து போட வேண்டும். பெரியவர் குற்றம் செய்த பிள்ளையாகத் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அக்கா முன்னால் போய் நின்று, மலாயில் சொன்னார்: அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் உட்கார வைத்து மேலெல்லாம் தேய்த்துவிட்டேன், தப்பு என்னுடையது. பெரியவர் வாயைத் திறந்தார். அக்கா ஒரு பார்வை பார்த்தார், மூடிக்கொண்டார். வேனில் திரும்பும்போது நான் கேட்டேன்.

"ஏங்க்கா பொய் சொன்னீங்க?"

"சீக்கு ஒரு பாரம். அதுக்கு மேல தப்பு வேற செஞ்சிட்டோம்னு சொமக்க முடியுமா தம்பி? நமக்கென்னா, நம்ம நல்லாத்தானே இருக்கோம்" என்றார்.

இனாமாகத் தங்குகிறோமே என்ற கூச்சத்தில் நான் அந்த வீட்டு ஃபேன்களையெல்லாம் இறக்கிச் சரி பண்ணிக் கொடுத்தேன். நடு அறை ஃபேனை மாட்டும்போது அக்கா ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்போதுதான், கேட்காமலே, அந்த ஒரே ஒரு தடவை சொன்னார்.

"என் தங்கச்சிக்கி கோலாலம்பூர்ல வைத்தியம் பாத்தோம். தங்க எடம் இல்ல. ஆஸ்பத்திரி வராந்தாவுல சாக்கு விரிச்சிப் படுத்துக்குவோம். ரொம்ப மரியாத தெரிஞ்ச பிள்ள அது. ஒவ்வொரு தடவ துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பறப்பவும் மிஸிகிட்ட போயி, வாரேன் மிஸி, வாரேன் மிஸின்னு சொல்லிட்டுத்தான் வரும். மூணு தடவ சொல்லுச்சு. மூணு தடவ போனோம்."

நாலாவது தடவை என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை. நான் ஃபேன் திருகை முறுக்கிக்கொண்டிருந்தேன்.

ஐந்து வாரம் முடிந்தது. கிளம்புகிற நாள் அம்பிகா காலையிலிருந்தே மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். 'போறேன்க்கா, போறேன்க்கா' என்று வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். அக்கா மெத்தையைத் தூக்கிப் பார்த்தாயிற்று, கொக்கியைப் பார்த்தாயிற்று. கேட்டருகே வந்ததும் அம்பிகா அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது. கலங்கியவுடன் நாற்பத்தைந்து வருஷப் பழக்கம் முந்திக்கொண்டது.

"போயிட்டு வாரேங்க்கா."

அக்காவின் முகம் வெளுத்துப்போனது. "உள்ள போ" என்றார். "உள்ள போயிட்டுத் திரும்பி வந்து ஒழுங்கா சொல்லு." அம்பிகா சிரித்துக்கொண்டே உள்ளே போய், திரும்பி நடந்து வந்தாள். தன் பிள்ளைகளை வரிசையின் கடைசிக்கு அனுப்புகிறவளுக்கு அதே தண்டனை. கேட்டருகே வந்து, "போயிட்டு வா..." என்று ஆரம்பித்துப் பாதியை விழுங்கிவிட்டு, "போறேன்க்கா" என்றாள். நானும் அவளும் வயிறு குலுங்கச் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. கேட்டைச் சாத்திக் கொண்டி போட்டார்.

இரண்டு வருஷம் நன்றாகத்தான் இருந்தாள். முடி தோள்வரைக்கும் வளர்ந்தது, பாலர் பள்ளி வேலைக்கும் போனாள். பிறகு முதுகு வலி என்றாள். பிள்ளைகளைத் தூக்கியிருப்பாய் என்று தைலம் தேய்த்துவிட்டேன். எலும்பில் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்ன அன்று, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து அவள் சொன்ன முதல் வார்த்தை, "நான்தானே அன்னைக்கி சொல்லிட்டேன்" என்பதுதான்.

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் சொன்னது கேட்டருகே வாய் தவறி வந்த அந்த 'வாரேங்க்கா'வை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். படித்த பெண்தானே நீ, இதையெல்லாம் நம்பலாமா என்றேன். "நம்பலங்க. ஆனா சொல்லிட்டேன்ல" என்றாள். சரியாகச் சாப்பிடுவதில்லை. பத்து லைட் வைத்தால் வலி குறையும் என்றார்கள். அந்த வீட்டுக்கு வர மாட்டேன் என்றாள். எந்த முகத்தோடு அக்கா முன்னால் போய் நிற்பது என்று அழுதாள். சீக்கு வந்தவள் வெட்கப்பட வேண்டுமா? என்னால் தாங்க முடியவில்லை.

கூட்டிக்கொண்டுதான் போனேன், வேறு இடம் ஏது. அக்கா எங்களைப் பார்த்ததும் அம்பிகாவைத் தாங்கிப் படுக்க வைத்தார். நான் பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன். அவர் பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஒங்க வார்த்தையாலதான்க்கா அவ இப்படிக் கெடக்குறா. சீக்குகூட பரவால்ல. தானே இழுத்துக்கிட்டு வந்துட்டோம்னு நெனச்சி நெனச்சி சாவுறா. நீங்க புண்ணியம் பண்றேன்னு பண்ற பாவம் இது."

இப்படித்தான் பேசினேன். சோறு போட்டவரிடம் பேசுகிற பேச்சா அது? அக்கா நறுக்குவதை நிறுத்தவில்லை. பயற்றங்காய் முடிந்த பிறகும் பலகையில் கத்தி ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலைப் பெரட்டில் அம்பிகா பேர் வந்தபோது பதில் இல்லை. அக்கா இரண்டாம் தடவை கூப்பிடவில்லை. அவளுக்கு மத்தியானம்தான் லைட். மற்றவர்களை வேனில் ஏற்றிவிட்டு, அக்கா பசார் கடைகளுக்குப் போய் வந்தார். வந்த கையோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். கைலி மடிப்பிலிருந்து ஒரு ஹேர்கிளிப்பை எடுத்தார், மரூன் நிறம், பல் வைத்த பெரிய கிளிப்.

"அம்பிகா, இங்க பாரு. இது ஒன்னோடது. போன தடவ மெத்தைக்கி அடியில வுட்டுட்டுப் போயிட்ட. நீ காடி ஏறுறதுக்கு முன்னயே நான் பாத்துட்டேன். கொண்டாந்து குடுத்திருக்கணும். குடுக்கல."

அம்பிகா சுவரிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "ஏங்க்கா?"

"அழகா இருந்துச்சு, வச்சிக்கிட்டேன். ரெண்டு வருசமா என்கிட்டதான் இருக்கு. ஊருக்கெல்லாம் சொல்ற நானே வச்சிக்கிட்டேன். நீ வந்தது ஒன் வாயால இல்ல, என் கையால. வையிறதுன்னா என்னைய வையி."

நான் அம்பிகாவைப் பார்த்தேன். போன தடவை அவள் தலையில் கிளிப் போட முடி ஏது? மருந்து ஏற்றியதில் மொத்தமும் கொட்டி, ஐந்து வாரமும் முக்காடுதான். அக்கா எத்தனையோ தலைகளைப் பார்த்தவர், மறந்துவிட்டார். எனக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாதா? கிளிப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஆமாக்கா, என்னோடதுதான். வீடு பூரா தேடுனேன்" என்றாள். பிறகு மெதுவாக எழுந்து உட்கார்ந்து, முடியைச் சுற்றி அந்தக் கிளிப்பைப் போட்டுக்கொண்டாள். "கள்ளி நீங்க" என்றாள். அக்கா, "ஆமா, கள்ளிதான்" என்றார். அன்றைக்கு அவள் பயற்றங்காய்ப் பிரட்டலோடு ஒரு தட்டுச் சோறு சாப்பிட்டாள். மறுநாள் காலை 'இருக்கேன்க்கா' என்ற ராகம் திரும்ப வந்தது. நான் வெளியே போய் வேனுக்குள் உட்கார்ந்து அழுதேன்.

பத்தாவது லைட் அன்று டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். இதற்கு மேல் வைத்தியம் இல்லை, வலிக்கு மருந்து தருகிறோம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நான் அம்பிகாவிடம், "நல்லாயிட்டு வருதாம். மூணு மாசம் கழிச்சி வந்தா போதுமாம்" என்றேன். அக்காவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். "சரி தம்பி" என்றார். கட்டிலுக்கு அடியில் குனிந்தவர், நிமிர வெகு நேரம் ஆயிற்று.

கேட்டருகே அம்பிகா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இந்தத் தடவை தப்பு செய்யக்கூடாது என்று உறுதியாக இருந்தாள். முகத்தை நிமிர்த்தி, பாடம் ஒப்பிக்கிற பிள்ளையின் குரலில், கணீரென்று சொன்னாள்.

"போறேன்க்கா."

அக்காவின் கை கொண்டியில் இருந்தது. அது நகரவில்லை. எத்தனையோ பேர் வாயில் அவர் போராடி வரவழைத்த வார்த்தை அது. அதைக் கேட்டுவிட்டு அப்படியே நின்றார்.

"வாரேன்னு சொல்லும்மா" என்றார்.

"நீங்கதானேக்கா சொல்லக்கூடாதுன்னீங்க."

"நான் சொன்னது தப்பு. ஒரு தடவ சொல்லு. போயிட்டு வாரேன்னு சொல்லு."

அம்பிகா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "சரி. போயிட்டு வாரேங்க்கா" என்றாள். அக்கா கேட்டைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கோப்பெங் தாண்டியதும் அவள் கேட்டாள்.

"ஏங்க, அக்கா ஏன் அப்படிச் சொல்லச் சொன்னாங்க?"

"சும்மா லா. ஒம்மேல பாசம்."

"இல்லீங்க. திரும்பி வரக்கூடியவங்ககிட்ட அவங்க அப்படிக் கேக்க மாட்டாங்க." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "டாக்டரு என்னா சொன்னாரு? உண்மையச் சொல்லுங்க."

கம்பார் பக்கம் வேனை ஓரம் கட்டினேன். எனக்கு மறுபடி அக்காமேல்தான் கோபம் வந்தது. நான் மூடி வைத்ததை ஒரே வார்த்தையில் திறந்துவிட்டாரே என்று. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அதற்குப் பிறகு ஏழு வாரம் இருந்தாள். அந்த ஏழு வாரமும் எங்களுக்குள் ஒரு பொய் இல்லை. பாலர் பள்ளியில் எந்தப் பிள்ளை வேர்க்கடலை சாப்பிடக்கூடாது என்பது முதல், தன்னை எந்தச் சேலையில் அனுப்ப வேண்டும் என்பது வரை சொல்லிவிட்டாள். நான் பொய்யைக் காப்பாற்றிக்கொண்டே இருந்திருந்தால் அவளோடு பேசவே முடியாமல் போயிருக்கும். புத்தி எனக்குப் பின்னால்தான் வரும் என்று சொன்னேனே.

கருமாதி முடிந்து ஒரு வாரம் கழித்து ஈப்போவுக்குப் போனேன். போனில் சொல்ல வழியில்லை. போன ஆட்களின் நம்பர் எதையும் அக்கா வைத்துக்கொள்வதில்லை, அவர் நம்பரையும் கொடுப்பதில்லை. சட்டைப் பையில் அந்த மரூன் கிளிப் இருந்தது. கொடுப்பதற்கா, காட்டுவதற்கா என்று எனக்கே தெரியவில்லை.

அக்கா கேட்டுக்குப் பக்கத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கம்பிக்கு உள்ளேயே நின்றார். உள்ளே கூடத்தில் புது ஆட்களின் பேச்சுக்குரல் கேட்டது.

"என்னா தம்பி, இந்தப் பக்கம்?"

"ஒரு வேலையா வந்தேன்க்கா. ஃபேன்லாம் ஓடுதா?"

"ஓடுது. நடு ரூமுதான் கொஞ்சம் சத்தம் போடுது." ஈரத்துணியை உதறினார். "அம்பிகா சாப்புடுறாளா?"

வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் வரவில்லை. கையைச் சட்டைப் பையில் வைத்தேன், கிளிப்பின் பல் விரலில் குத்தியது. வெளியே எடுக்கவில்லை. அந்த வீட்டில் பொருள் தங்கக்கூடாது என்பது அவர் சட்டம். அதையாவது நான் மீறாமல் இருக்கலாம் என்று தோன்றியது.

கிளம்ப வேண்டிய நேரம் வந்தது. 'வாரேன்' என்று சொல்ல முடியாது. 'போறேன்' என்றும் சொல்ல வரவில்லை. சாவு வீட்டிலிருந்து கிளம்புகிற மாதிரி, ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தேன்.

பின்னால் ஈரத்துணி தரையில் விழுகிற சத்தம் கேட்டது. நான் வேனில் ஏறி, தாமான் முனை திரும்பும்வரை கொண்டி போடுகிற சத்தம் வரவில்லை. திரும்பும் முன்னால் கண்ணாடியில் பார்த்தேன். அக்கா கேட்டை அகலத் திறந்து வைத்துக்கொண்டு வழியைப் பார்த்து நின்றார்.